வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி

"எட்டு கோடிப் பேர் பேசுற மொழி மாமா. அதைப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்க எதுக்குச் சட்டம்?"

கேட்டவன் என் அக்கா மகன். ஹைதராபாத் மாதாப்பூரில் மென்பொருள் வேலை. அவன் மகள் படிப்பது சிபிஎஸ்இ பள்ளியில். 2018இல் தெலங்கானா கொண்டுவந்த சட்டத்தால் அந்தப் பள்ளியிலும் தெலுங்கு கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், அடுக்ககத்துப் பிள்ளைகளோடு விளையாட இந்தி என்று இருக்கும்போது இன்னொன்றையும் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவன் ஆற்றாமை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெலுங்கைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 8.11 கோடி. தமிழைச் சொன்னவர்கள் 6.9 கோடி. இத்தனை பெரிய மொழிக்கு என்ன குறை வந்துவிடும்? ஒரு டீக்குள் முடிகிற பதில் இல்லை இது. இன்னும் இரண்டு இரானி சாய் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு மொழிக்கு அரசு தரும் அந்தஸ்து ஒன்று: ஆட்சிமொழி, பயிற்றுமொழி, எட்டாவது அட்டவணை, செம்மொழி என்கிற வரிசை. அந்த மொழியின் உயிர்ப்பு இன்னொன்று: பெற்றவர்கள் பிள்ளைகளோடு அதில் பேசுகிறார்களா, பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளோடு பேசுவார்களா என்பது. இரண்டும் கைகோத்துப் போகும் என்று நினைக்கிறோம். பல சமயம் போவதில்லை. அதைக் கண்ணெதிரே பார்க்க ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் எனக்குத் தெரியாது.

அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 1950இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதில் 14 மொழிகள். 1967இல் சிந்தி, 1992இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி, 2003இல் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி சேர்ந்து 22 ஆயின. அட்டவணையில் இருக்கும் சமஸ்கிருதத்தை 2011இல் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 24,821 பேர். அதே கணக்கெடுப்பில் லம்பாடி என்று 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள், பஞ்சாரி என்று இன்னொரு 15 லட்சத்துக்கும் மேல். இரண்டும் ஒரே மக்களின் மொழி. அது அட்டவணையில் இல்லை. சமஸ்கிருதத்தின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அட்டவணை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று புரிவதற்காகச் சொல்கிறேன்.

"சரி மாமா, அந்தஸ்து கொடுத்தா மொழி வளரும்ல?" என்றான்.

வளரும். எவ்வளவு உயரம் வளரும், அந்த உயரம் எதன் மேல் நிற்கும் என்று பார்க்க உஸ்மானியாவுக்குப் போக வேண்டும்.

நிஜாம் அரசில் 1880கள் வரை ஆட்சிமொழி பாரசீகம். அதன்பின் உருது வந்தது. நீதிமன்றம், வருவாய்க் கணக்கு, அரசாணை எல்லாம் உருதுவில். 1917இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் பிறப்பித்த ஃபர்மானால் 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் பிறந்தது. பயிற்றுமொழி உருது. அன்றைக்கு இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1857இல் தொடங்கிய கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. தமிழ் வழியில் கல்லூரிப் பட்டப்படிப்பு என்ற பேச்சு நம்மிடம் செயலானதே 1960இல், கோவை அரசு கலைக் கல்லூரியில். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இயற்பியலையும் சட்டத்தையும் உருதுவில் நடத்தினார்கள். பின்னால் மருத்துவமும் பொறியியலும்கூட.

பாடநூலுக்கு எங்கே போவது? அதற்குப் பல்கலைக்கழகம் திறக்கும் முன்பே ஏற்பாடு செய்துவிட்டார்கள். 1917இலேயே தாருல் தர்ஜுமா என்ற மொழிபெயர்ப்பு நிலையம் அமைந்தது. மௌல்வி அப்துல் ஹக் அதன் தலைவர். துறை தெரிந்தவரும் மொழி தெரிந்தவரும் ஒரே குழுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கலைச்சொல்லாக வாதாடி முடிவெடுத்தார்கள். வஹீதுத்தீன் சலீம் கலைச்சொல் ஆக்கும் முறையைப் பற்றியே 1921இல் தனி நூல் எழுதினார். நூற்றுக்கணக்கான புத்தகங்கள் உருதுவுக்கு வந்தன. இந்திய மொழி எதிலும் நவீன அறிவு முழுவதையும் சொல்ல முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் சான்று இதுதான்.

ஆனால் அந்த வகுப்புகளுக்கு வெளியே யார் இருந்தார்கள்? 1951 கணக்கெடுப்பின்படி ஹைதராபாத் ராஜ்ஜியத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் தாய்மொழி தெலுங்கு. சுமார் கால்வாசிப் பேருக்கு மராத்தி. பத்தில் ஒருவருக்குக் கன்னடம். உருது அதைவிடச் சற்றே கூடுதல். அதாவது பல்கலைக்கழகம் பேசிய மொழி, வரி கட்டிய பெரும்பாலோரின் வீட்டு மொழி அல்ல. அந்த மாடம் மக்களின் மேல் எழவில்லை, அரசாங்கத்தின் மேல் எழுந்தது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் உஸ்மானியாவின் பயிற்றுமொழி ஆங்கிலம் ஆனது. முப்பது ஆண்டுகள் உழைத்து உண்டாக்கிய நூல்களுக்கு மாணவர்கள் இல்லாமல் போயினர்.

எனக்கு இதில் இன்னும் ஆறாத வருத்தம் உண்டு. தாருல் தர்ஜுமாவின் மொழியை மாற்றியிருக்கலாம், முறையை அழித்திருக்க வேண்டியதில்லை. அதே குழுக்கள், அதே உழைப்புமுறை தெலுங்குக்கும் மராத்திக்கும் கன்னடத்துக்கும் திரும்பியிருந்தால் தென்னிந்தியாவின் உயர்கல்வியே வேறு மாதிரி ஆகியிருக்கும். உருதுவின் இடத்தில் மக்களின் மொழி வந்து உட்காரவில்லை. ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். அந்தஸ்தே இல்லாத தெலுங்கு அந்த நாட்களில் எப்படி இருந்தது?

1901இல் கொமர்ராஜு லக்ஷ்மணராவ், ராவிசெட்டு ரங்காராவ், முனகால ராஜா ஆகியோர் சேர்ந்து ஹைதராபாத்தில் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் என்ற நூலகத்தைத் திறந்தார்கள். அது இன்றும் சுல்தான் பஜாரில் இருக்கிறது. அரசு தன் மொழியாக ஏற்காத ஒன்றைக் காப்பாற்ற அவர்களுக்குக் கிடைத்த வழி புத்தக அலமாரி. 1904இல் ஹனுமகொண்டாவில் இன்னொன்று. பிறகு ஊர் ஊராக.

1921 நவம்பரில் விவேகவர்த்தினி அரங்கில் ஒரு சமூகச் சீர்திருத்த மாநாடு. தலைமை மகரிஷி கார்வே. உருதுவிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பேசியவர்களை அவை கேட்டது. ஆலம்பள்ளி வெங்கடராமாராவ் என்ற வழக்கறிஞர் தெலுங்கில் பேச எழுந்ததும் கூச்சல் கிளம்பியது. அவரால் பேச முடியவில்லை. தெலுங்கர்கள் அதிகமாக வாழும் ராஜ்ஜியத்தின் தலைநகரில் நடந்தது இது. அந்த அவமானத்தோடு வெளியே வந்தவர்கள் உடனே கூடி ஆந்திர ஜன சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் ஆந்திர மகாசபையாக விரிந்து தெலங்கானா அரசியலையே புரட்டிப்போட்ட இயக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அதன் முன்னணியில் இருந்த மாடபாட்டி ஹனுமந்தராவ் 1928இல் நாராயணகுடாவில் பெண்களுக்குத் தெலுங்கு வழி உயர்நிலைப் பள்ளி நடத்தினார். உள்ளூர்க் கல்வித் துறையின் அங்கீகாரம் கிடைக்காததால் பூனாவில் கார்வே நடத்திய பெண்கள் பல்கலைக்கழகத்தோடு அதை இணைத்தார்கள். பெண்பிள்ளை தாய்மொழியில் படித்துத் தேர்வெழுத வேறொரு மாகாணத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 1926இல் சுரவரம் பிரதாபரெட்டி 'கோல்கொண்ட பத்ரிகா' தொடங்கினார். தெலங்கானாவில் தெலுங்குக் கவிகளே இல்லை என்று யாரோ எழுதியதற்கு, 1934இல் அவர் 354 கவிஞர்களைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார். பதில் சொல்வது என்றால் இப்படிச் சொல்ல வேண்டும்.

அந்தஸ்து உச்சத்தில் இருந்த உருதுக் கல்வி ஆட்சி மாறியதும் சரிந்தது. அந்தஸ்தே இல்லாத தெலுங்கு நிமிர்ந்து நின்றது. காரணம், தெலுங்கு ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட்டது, அதன்மேல் அக்கறையுள்ள சிலர் நூலகமும் பள்ளியும் பத்திரிகையும் சேர்த்தார்கள்.

உருது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய ஹைதராபாத் மாவட்டத்தில் 2011இல் தெலுங்கும் உருதுவும் ஏறத்தாழச் சமம், இரண்டும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். தெருவில் பேசுவது உருதுவின் தக்காண வடிவமான தக்னி. நகரை 1591இல் நிறுவிய முகமது குலி குதுப்ஷாவே தக்னியில் பெருந்தொகுப்பு விட்டுச்சென்ற கவிஞன். 1949இல் தொடங்கிய 'சியாசத்' நாளிதழ் இன்றும் வருகிறது. சத்தா பஜாரில் கல்யாணப் பத்திரிகைக்கு உருது எழுத்துக்கலை இன்னும் வேண்டியிருக்கிறது. 1998இல் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் இங்கே அமைந்தது. 2017இல் தெலங்கானா முழுமைக்கும் உருது இரண்டாம் ஆட்சிமொழி ஆனது. ஆனாலும் நாடு முழுவதும் உருதுவைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2001இல் 5.15 கோடி, 2011இல் 5.07 கோடி. மக்கள்தொகை பெருகிய பத்தாண்டில் எண்ணிக்கை இறங்கியது.

"அப்ப உயிர்ப்பை எதை வெச்சு அளக்கறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

யுனெஸ்கோ கூட்டிய வல்லுநர் குழு 2003இல் ஒன்பது அளவுகோல்களைச் சொன்னது. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது அதில் ஒன்றுதான். மொத்தச் சமூகத்தில் அவர்கள் எவ்வளவு பங்கு, எந்தெந்த இடங்களில் மொழி புழங்குகிறது, புதிதாக வரும் ஊடகங்களில் நுழைகிறதா, படிக்க எழுத நூல்கள் உண்டா, அரசு எப்படிப் பார்க்கிறது, பேசுபவர்களே தங்கள் மொழியை எப்படி மதிக்கிறார்கள், மொழி எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று போகும் அந்த வரிசையில் முதலில் நிற்பது ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்கு மொழியைக் கொடுக்கிறதா என்பது. ஜோஷுவா ஃபிஷ்மன் என்ற அறிஞர் 1991இல் எழுதிய நூலில் இதைத்தான் மையமாக வைத்தார்: பள்ளி, வானொலி, அரசாணை எல்லாம் இருந்தும் வீட்டில் குழந்தையோடு பேசுவது நின்றுபோனால் மற்றவை எதுவும் அதை ஈடுகட்டாது என்பது அவர் வாதம். சுருக்கமாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. இந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்களில் மிக இளையவருக்கு என்ன வயது என்று கேளுங்கள். நீலகிரியில் தோடர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்தான். குழந்தைகள் பேசும்வரை அவர்கள் மொழிக்கு நாளை உண்டு. லட்சம் பேர் பேசியும் எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள் என்றால் கவலைப்பட வேண்டும்.

இதை வைத்து இன்றைய தெலுங்கைப் பார்க்கலாம். வீட்டில் பேசுகிறார்கள். சினிமா இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, கைபேசியில் எழுதுகிறார்கள். இதிலெல்லாம் கவலை இல்லை. வகுப்பறையில்தான் கவலை. 2022-23இலிருந்து தெலங்கானா அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கில வழி வந்துவிட்டது. பாடநூலில் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு. இதற்குப் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். வசதியுள்ளவர் பிள்ளைக்கு ஆங்கிலம், கூலி வேலை செய்பவர் பிள்ளைக்கு மட்டும் தாய்மொழி வழியா என்று தலித் பெற்றோர் கேட்டால் அதற்கு மறுப்பு ஏது? வேலைக்கான மொழியை ஒரு பக்கம் மட்டும் பூட்டி வைத்தது நம் தவறு, கேட்டவர்கள் தவறில்லை. ஆனால் விளைவு இருக்கிறது. கணக்கும் அறிவியலும் ஒரு மொழியை விட்டுப் போனால், அந்த மொழியில் யோசித்து எழுதுகிறவர்கள் அடுத்த தலைமுறையில் குறைவார்கள். மொழி வீட்டுப் பேச்சாகவும் பாட்டாகவும் மட்டும் மிஞ்சும். 2018 சட்டம் இந்த இழப்பைத் தடுக்கவில்லை, ஒரு பாடவேளையை மட்டும் உறுதி செய்கிறது. அதனால்தான் அது வேண்டும் என்கிறேன். அதுகூட இல்லாவிட்டால் இங்கே பிறந்து வளரும் குழந்தை இந்த ஊர்ப் பேருந்துப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்காமல் பெரியவளாகிவிடும்.

தெலுங்கின் நிலையாவது இது. அதற்குக் கீழே இருப்பவர்களைப் பார்க்க வேண்டும்.

பஞ்சாரா ஹில்ஸ் என்று நகரின் விலையுயர்ந்த பகுதி ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய மக்களின் மொழிதான் லம்பாடி. அவர்கள் அதைக் கோர் போலி என்பார்கள். மாட்டுப் பொதியில் உப்பும் தானியமும் ஏற்றித் தக்காணம் முழுக்கச் சுற்றிய வணிகர்கள். ரயில் வந்து அந்தத் தொழில் போனது. தெலங்கானாவில் இன்று தண்டா எனப்படும் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள், மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம். ராஜஸ்தானி, குஜராத்தி பக்கத்து உறவுள்ள மொழி, தெலங்கானாவில் தெலுங்கு எழுத்திலும் கர்நாடகத்தில் கன்னட எழுத்திலும் மகாராஷ்டிரத்தில் தேவநாகரியிலும் எழுதுகிறார்கள். தண்டாவில் ஐந்து வயதுக் குழந்தை அதில்தான் சிரிக்கிறது, சண்டை போடுகிறது. ஃபிஷ்மன் கேட்ட முதல் கேள்விக்கு அது தேறிவிட்டது. அரசு கணக்கில் அதற்குப் பெயர் என்ன தெரியுமா? ஹிந்தி. கணக்கெடுப்பு அட்டவணையில் 50க்கும் மேற்பட்ட தாய்மொழிகளை ஹிந்தி என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள், லம்பாடியும் பஞ்சாரியும் அதில் அடக்கம். ஹிந்தியின் 52.8 கோடியில் நல்கொண்டா தண்டாவில் கோர் போலி பேசும் பாட்டியும் ஒருத்தி.

"ஹிந்தி தெரியாத பாட்டியுமா?" என்றான். ஆமாம், தெரியாத பாட்டியும்.

ஆதிலாபாத்துக்குப் போனால் கோண்டி, கொலாமி. இரண்டும் தமிழுக்கும் தெலுங்குக்கும் உறவான திராவிட மொழிகள். 1940களில் நிஜாம் அரசுக்காக வேலை செய்த மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப் மார்லவாய் கிராமத்தில் கோண்டுகளுக்குக் கோண்டியிலேயே முதல் பாடம் சொல்லித்தரும் பள்ளியையும் ஆசிரியர் பயிற்சியையும் தொடங்கிவைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில் குஞ்சாலா என்ற ஊரில் கோண்டிக்கே உரிய எழுத்தில் கையெழுத்துப் படிகள் வெளிச்சத்துக்கு வந்தன. பேராசிரியர் ஜெயதீர் திருமலராவ் முன்னின்று உழைக்க, அந்தக் குஞ்சாலா கோண்டி எழுத்து 2018இல் யூனிகோடில் சேர்ந்தது. கொலாமிக்கு மொழியியலாளர் எமனோ 1955இல் இலக்கணம் எழுதினார். ஒரு லட்சத்துக்குச் சற்று கூடுதலானவர்கள் பேசும் மொழி அது. 2004இல் ஒன்றுபட்ட ஆந்திர அரசு எட்டுப் பழங்குடி மொழிகளில், இவையும் பஞ்சாராவும் சேர்த்து, முதல் வகுப்புகளுக்குப் பாடநூல் தயாரித்தது. தெலுங்கு எழுத்தில் அவரவர் மொழி. மூன்று நான்கு ஆண்டுகளில் பிள்ளையை மெல்லத் தெலுங்குக்கு அழைத்துச் செல்லும் திட்டம். நல்ல திட்டம். எல்லாத் தண்டாக்களுக்கும் மற்றப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் அது போய்ச் சேரவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் 1956இல் சேர்ந்த 350அ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயல வேண்டும் என்கிறது. அட்டவணையில் உள்ள மொழிகளுக்கு மட்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

நம்மவர்கள் கதையும் இங்கே உண்டு. 1806இல் கண்டோன்மென்டாக எழுந்த செகந்திராபாத்துக்கு மெட்ராஸ் ராணுவத்தோடும் பிறகு ரயில்வேயோடும் தமிழர்கள் வந்தார்கள். மஹபூப் கல்லூரியை 1862இல் பள்ளியாகத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். பத்மாராவ் நகர் என்ற பெயரிலும் ஒரு முதலியார் இருக்கிறார். லாலாகுடாவிலும் மாரேடுபள்ளியிலும் மூன்று நான்கு தலைமுறைகள் கண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களில் பேரப்பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். தெலுங்கு கலந்து பேசுவதில் எனக்கு மனக்குறை இல்லை. அது பக்கத்து வீட்டோடு வாழ்ந்ததன் அடையாளம். எழுத்து போனதில்தான் மனக்குறை. எழுத்து தெரியாத பிள்ளைக்குத் தமிழில் பாட்டி சொன்னது மட்டும் கிடைக்கும், பாட்டிக்கு முந்திய இரண்டாயிரம் ஆண்டு கிடைக்காது.

அக்கா மகனிடம் இதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவன் மனைவி தமிழில் கேட்பதற்கு மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அவனும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறான். "தெலுங்குப் பாடம் அவ தமிழைத் தொடலடா. சாப்பாட்டு மேசையில நீ மாறுறியே, அங்கதான் போகுது. அவ எதுல வேணாலும் பதில் சொல்லட்டும், நீ தமிழை விடாதே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கணக்கெடுப்புக்காரங்க வந்தா அவளுக்குத் தாய்மொழின்னு எதைச் சொல்றது மாமா?" என்றான்.

அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் இதை எல்லாருக்குமே சொல்லிவிடுகிறேன். 2011இல் தந்த விளக்கப்படி, தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் அந்த நபரோடு பேசிய மொழி. தாய் சிறுவயதிலேயே இறந்திருந்தால் வீட்டில் முக்கியமாகப் பேசிய மொழி. பள்ளியில் படித்த மொழியோ மாநில மொழியோ அல்ல. ஒரே வீட்டில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விடை இருக்கலாம். அதற்கப்பால் அறிந்த இரண்டு மொழிகளையும் கேட்டார்கள். நீங்கள் சொல்லும் பெயரை, சொன்னபடியே எழுத வேண்டும் என்பது வந்தவருக்கு இடப்பட்ட கட்டளை. 2011இல் நாடு முழுவதும் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். 10,000 பேருக்கு மேல் உள்ளவற்றை 121 மொழிகளாகத் தொகுத்தார்கள், மீதியெல்லாம் 'மற்றவை'. தோடா மொழி இருப்பது அந்த 'மற்றவை'யில்தான்.

தண்டாவில் இருப்பவர் லம்பாடி என்று சொன்னாலும் தொகுப்பில் அது ஹிந்திக்குக் கீழேதான் போகும். அந்த வகைப்பாட்டை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் ஹிந்திக்குக் கீழே ஒவ்வொரு தாய்மொழிக்கும் தனி வரியும் தனி எண்ணும் அச்சாகின்றன. வாசலில் நிற்கிறவரிடம் 'தெலுங்கு' என்றோ 'ஹிந்தி' என்றோ சொல்லிவிட்டால் அந்த வரியில் ஒருவர் குறைவார். பாடநூல் கேட்டுப் போகும்போது அதிகாரி முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த வரியைத்தான்.